ரெண்டாவது வரிய வெட்டுனது நான்தான்

சைக்கிள் கேரியர்ல ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டா நாலு கொடம் தண்ணி கட்டி, தனியாளா வீடு வரைக்கும் தள்ளிட்டு வந்துட்டீங்க. சரி, இப்ப எந்தக் கொடத்த மொதல்ல எறக்குவீங்க?

வலது பக்கம் ஒண்ண எறக்குனா சைக்கிள் எடது பக்கம் சாயும். எடது பக்கம் எறக்குனா வலது பக்கம். ஸ்டாண்டு போட்டுட்டு எறக்க வேண்டியதுதானன்னு சொல்றவங்க எங்க ஊரு மண்ணப் பாத்ததில்ல. மீமிசல்லருந்து கொஞ்சம் உள்ள இருக்கோம். வாசல் பூரா கடக்கரை மணலுதான். ஸ்டாண்டோட ஒரு காலு பொதையும், இன்னொரு காலு மேல நிக்கும், அஞ்சு செகண்டு யோசிக்கிற மாதிரி நின்னுட்டு சைக்கிள் அப்படியே படுத்துரும். போரு போட்டா உப்புத் தண்ணி. குடிக்கிறதுக்கும் சோறு பொங்குறதுக்கும் மெயின் ரோட்டு டேங்குக்கிட்ட இருக்குற பைப்புல ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர்ற காவிரித் தண்ணிதான். வீட்டுக்கு வீடு கொழாய் போட்டாங்க, இல்லங்கல. தொறந்தா புஸ்ஸுன்னு காத்து வரும்.

பத்தாவது படிக்கும்போது எனக்கு இந்தக் கேள்வியே வந்ததில்ல. ஏன்னா ரெண்டு பேரு இருந்தோம். நாலு வீடு தள்ளி அவ வீடு. ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள். மொதல்ல எங்க வீட்டுக்கு நாலு கொடம், அடுத்த நடை அவ வீட்டுக்கு. நான் ஹேண்டில்பாரப் புடிச்சுக்கிட்டு நிப்பேன், அவ எறக்குவா. மாத்திப் பண்ணுனா வெளங்காது. நான் எறக்குனா பாதித் தண்ணி என் பாவாடையில இருக்கும். “புடிச்சுக்கிட்டு நில்லுடி போதும், கம்பத்துக்கு இருக்குற அறிவாவது ஒனக்கு இருக்கட்டும்”பா.

பத்தாவது சயின்ஸ் புக்குல மொதப் பாடமே இயக்க விதிகள்தான். விசை, சமநிலை, திருப்புத்திறன், நியூட்டனோட மூணு விதி. எனக்கு அது சோறு மாதிரி எறங்குச்சு. கெத்துக்குச் சொல்லல, அந்த வயசுல எனக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான். அவளுக்கு எழுத வராது. ஆனா கேள்வி கேப்பா. லிஃப்ட் மேல போகும்போது எடை கூடுற மாதிரி இருக்கும், கீழ வரும்போது கொறையுற மாதிரி இருக்கும், கயிறு அறுந்து விழுந்தா எடையே இல்லாத மாதிரி இருக்கும்னு சார் போர்டுல படம் போட்டாரு. எங்க கிளாஸ்ல லிஃப்ட்ல ஏறுன ஆளு ஒருத்தரு கூட கெடையாது. அவ எந்திரிச்சு, “சார், அறுந்து விழுகுறப்ப எடை இல்லன்னு எப்படித் தெரியும்? விழுந்தவன் வந்து சொல்லவா போறான்?”னா. கிளாஸே சிரிச்சுச்சு. சாரும்தான் சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சுட்டு, “ஒக்காரு, மொதல்ல டூ மார்க்கு படி”ன்னாரு.

எங்க ஸ்கூல்ல ஒரு சிஸ்டம் இருந்துச்சு. அரைப் பரிட்சை முடிஞ்ச ஒடனே கிளாஸ ரெண்டாப் பிரிச்சுருவாங்க. லீடரு, மெம்பரு. நல்லா படிக்கிறவ லீடரு, பாஸாகுறது சந்தேகம்னு இருக்குறவ மெம்பரு. மெம்பருக்குன்னு ஒரு நோட்டு. அதுல முக்கியமான கேள்வி மட்டும் வரிசையா எழுதிருக்கும். சாயங்காலம் பெல்லடிச்சதும் புங்க மரத்தடியில ஜோடி ஜோடியா ஒக்காரணும். மெம்பரு ஒவ்வொரு கேள்விக்கும் பதில் ஒப்பிக்கணும், லீடரு கேட்டுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடணும். காலைல சார் நோட்டப் பாப்பாரு. கையெழுத்து இருந்தா படிச்சுட்டான்னு அர்த்தம். இல்லன்னா கிளாஸுக்கு வெளிய முட்டி போடணும். எத்தன கையெழுத்து விழுந்துருக்குன்னு சுவத்துல ஒரு சார்ட்டு வேற.

நான் லீடரு. அவ என் மெம்பரு. பெல்லு நாலேகாலுக்கு, பைப்பு நாலரைக்கு. பிரச்சன புரியுதா? புங்க மரத்தடியில ஒக்காந்து இருவது கேள்வி ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டா அஞ்சரை ஆயிரும். அஞ்சரைக்குப் பைப்புல நூலு மாதிரி வரும், அதுக்கும் முப்பது கொடம் வரிசையில நிக்கும்.

அதனால நான் ஒரு வேலை பண்ணுனேன். அவ நோட்டுல பதிலெல்லாத்தையும் நானே சுருக்கிச் சுருக்கி எழுதிக் குடுத்தேன். சார் குடுத்த பதில் மூணு வரின்னா நான் ஒரு வரி ஆக்கிருவேன். என் கையெழுத்து வேற முத்து முத்தா இருக்கும். மொத விதி ஒரு வரி. ரெண்டாவது விதி ஒரு வரி, அதுலயும் பாதி ஃபார்முலா. மூணாவது விதிக்கு புக்குல ரெண்டு வரி இருக்கும். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை ஒண்ணு உண்டுங்குறது மொத வரி. அந்த விசையும் எதிர்விசையும் வேற வேற ரெண்டு பொருள் மேலதான் செயல்படும்ங்குறது ரெண்டாவது வரி. அந்த ரெண்டாவது வரிய வெட்டிட்டேன். அவளுக்கு அந்த எடத்துல நாக்கு குழறுச்சு. மொத வரிக்கே மார்க்கு போட்டுருவாங்கன்னு நெனச்சேன்.

ஒரு வெள்ளிக்கெழம அவ அந்த வரிய ஒப்பிச்சுட்டு நிறுத்துனா.

“ஏண்டி, நான் சைக்கிளத் தள்ளுறேன்ல.”

“ஆமா.”

“சைக்கிளும் அதே அளவு என்னையத் தள்ளுது. சமம், எதிர்ப்பக்கம். அப்ப ரெண்டும் அடிபட்டுப் போயிரும்ல? பெறகு எப்படி நாம வீடு வந்து சேர்றோம்?”

எனக்குப் பதில் தெரியல. சத்தியமா தெரியல. அதுக்குப் பதில் என்னன்னா நான் வெட்டுன அந்த வரிதான். அதுவும் எனக்கு அப்ப தெரியல. புக்கு என் பையிலதான் இருந்துச்சு, தொறந்து பாத்துருக்கலாம். நான் என்ன சொன்னேன்னா, “இதெல்லாம் பப்ளிக்ல கேக்க மாட்டாங்க. மனப்பாடம் பண்ணுடி. மணி நாலரையாகப் போவுது.”

“அது சரி, லீடரம்மா சொன்னா சரிதான்”னுட்டு அவ நோட்ட நீட்டுனா. மொதப் பாடம் பூராவும், ஒப்பிச்சது ஒப்பிக்காதது எல்லாத்துக்கும் பக்கத்துல கடகடன்னு கையெழுத்துப் போட்டேன். அவதான் நோட்ட நீட்டுனா, ஒத்துக்குறேன். ஆனா பேனா என் கையில இருந்துச்சு. அன்னையிலருந்து அதுவே பழக்கமாயிருச்சு. பெல்லடிச்சா நோட்டு, கையெழுத்து, சைக்கிள். சார்ட்டுல அவ பேருக்கு நேரா கையெழுத்து ஏறிக்கிட்டே போச்சு. சார் ஒரு நாள் பிரேயர்ல எங்க ஜோடியப் பத்திப் பாராட்டிப் பேசுனாரு. நாங்க ரெண்டு பேரும் உதட்டக் கடிச்சுக்கிட்டு நின்னோம், சிரிப்ப அடக்க முடியல.

பப்ளிக்ல சயின்ஸ் பேப்பர்ல ஏழு மார்க்குக்கு நியூட்டனோட விதிகள விளக்கச் சொல்லி வந்துருச்சு. நான் ரெண்டு பக்கம் எழுதுனேன், படம் போட்டு, அண்டர்லைன் பண்ணி. வெளிய வந்தா அவ ஸ்கூல் கேட்டுக்கிட்ட நிக்கிறா, பரிட்சை பேடு இடுப்புல, மொகத்துல ஒண்ணுமே இல்ல.

“எப்படிடி எழுதுன?”

“மூணு விதியும் எழுதுனேன். மூணு வரி வந்துச்சு. மீதிப் பக்கம் காலியா கெடந்துச்சு.” பேட மாத்தி மறு இடுப்புல வச்சா. “மீதி எங்கடி இருந்துச்சு?”

நான் சிரிச்சேன். ஜோக்குக்குத்தான் சொல்றான்னு நெனச்சேன்.

ரிசல்ட்டுல நான் ஸ்கூல் ஃபர்ஸ்ட்டு. அவ மத்த எல்லாத்துலயும் பாஸு, சயின்ஸ் மட்டும் போச்சு. அதக் கூட விடுங்க. பெயிலானவங்க அக்கம்பக்கத்துல நாலு பேரு இருந்தாங்க, அடுத்த ரெண்டு மாசத்துல எழுதி முடிச்சுட்டுப் போனாங்க. நான் சொல்ல வந்தது மார்க் ஷீட் வாங்கப் போன நாளப் பத்தி.

ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வெளிய ஒரு டேபிளு. சார் ஒக்காந்து ஒவ்வொருத்தருக்கா குடுத்துக்கிட்டு இருந்தாரு. அவ அம்மாவக் கூட்டிட்டு வந்துருந்தா. அந்தம்மா நண்டு கம்பெனில சதை எடுக்குற வேலைக்குப் போகுது, அன்னைக்கு லீவு சொல்லிட்டு, நல்ல சேலை கட்டிக்கிட்டு வந்துருந்துச்சு. “எம்புள்ள தெனமும் படிச்சுச்சே சார், எப்படி சார் இப்படி ஆச்சு?”ன்னு கேட்டுச்சு. சாருக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு போல. அலமாரியிலருந்து அந்த மெம்பர் நோட்ட எடுத்து விரிச்சுக் காட்டுனாரு.

“பாருங்கம்மா, எல்லாத்தையும் ஒப்பிச்சுருக்கா. லீடர் கையெழுத்து எல்லாத்துலயும் இருக்கு. எங்க பக்கம் எதுவும் கொறையில்ல. வீட்டுக்குப் போயி இவ திருப்பிப் பாக்கல. அவ்வளவுதான்.”

நான் ஒரு கையெட்டுற தூரத்துல நிக்கிறேன். எங்கப்பா மீன் லாரில கேரளா போயிருந்தாரு, அதனால நான் தனியாத்தான் வந்துருந்தேன். அவ என்னையப் பாத்தா. அழுவல, ஒண்ணும் பண்ணல. சும்மா பாத்தா. நான் சொல்லுவேன்னு பாத்தா. ஒரே ஒரு வாக்கியம். ‘சார், இவ ஒப்பிக்கல, நான் பொய்யா கையெழுத்துப் போட்டேன்.’ அவ்வளவுதான். எனக்கு அத ஒப்பிக்க வரல. என் மார்க் ஷீட்ட எடுத்து, எல்லாம் சரியா அடிச்சுருக்கான்னு பேரு, அப்பா பேரு, பொறந்த தேதின்னு வரிவரியாப் படிச்சுக்கிட்டு நின்னேன். ரெண்டு தடவ படிச்சேன்.

அந்தம்மா அவ முதுகுல ஒரு அடி வச்சுச்சு. சத்தம் கூட வரல. “பொய் சொல்லிட்டுத் திரிஞ்சியாடி”ன்னுச்சு. அவ்வளவுதான். ரெண்டு பேரும் ஸ்கூல் கேட்டத் தாண்டிப் போயிட்டாங்க.

மறுநாளு பைப்புக்கு நான் சைக்கிள எடுத்துக்கிட்டு அவ வீட்டு வாசல்ல நின்னு மணி அடிச்சேன். அவ வரல. அவங்கண்ணன் பழைய சைக்கிள ரிப்பேர் பண்ணிக் குடுத்துருச்சாம். அந்த வாரமே நண்டு கம்பெனிக்கு அவளும் போக ஆரம்பிச்சுட்டா. நான் ப்ளஸ் ஒன் சேர்ந்தேன், ஆவுடையார்கோவிலுக்கு பஸ், திரும்பி வர இருட்டிரும். அப்புறம் புதுக்கோட்டையில ஹாஸ்டலு, பி.எஸ்சி. பிசிக்ஸ். ஃபர்ஸ்ட் இயர்லயே மெக்கானிக்ஸ் கிளாஸ்ல மேடம் ரெண்டு பெட்டிப் படம் போட்டு, ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியா வரஞ்சு, அது அது மேல என்னென்ன விசைன்னு அம்புக்குறி போடச் சொன்னாங்க. எனக்கு அங்கதான் வெளங்குச்சு. நான் சைக்கிளத் தள்ளுற விசை சைக்கிள் மேல. சைக்கிள் என்னையத் தள்ளுறது என் மேல. ரெண்டும் ஒரே பொருள் மேல இருந்தாத்தான் அடிபடும். சைக்கிள் நகருமான்னு தெரியணும்னா சைக்கிள் மேல இருக்குறத மட்டும் கூட்டணும். பக்கத்துல இருந்த புள்ள நோட்டுல வேகவேகமா எழுதிக்கிட்டு இருந்துச்சு. நான் எழுதல. இதச் சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆள்தான் இருந்துச்சு, அந்த ஆளு நம்பரு கூட எங்கிட்ட இல்ல.

செகண்ட் இயர்ல அவங்கம்மா செத்துப் போச்சு. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க, மூணு நாள்தான். எனக்கு செமஸ்டர் நடந்துக்கிட்டு இருந்துச்சு. எங்கம்மா போன்ல சொல்லிட்டு, “பரிட்சைய விட்டுட்டு வராத, நான் போயிட்டு வந்துட்டேன்”னுச்சு. நானும் வரல. வந்துருக்கலாம். ரெண்டு பேப்பருக்கு நடுவுல நாலு நாள் லீவு இருந்துச்சு.

டிகிரி முடிச்சு இங்க வந்து பத்து மாசமாச்சு. அப்ளை பண்ணிருக்கேன், பண்ணிக்கிட்டே இருக்கேன். பி.எட். போகலாம்னா அடுத்த வருஷம்தான். அப்பா லாரில போனா மூணு நாளு. அம்மா காலைல கருவாட்டுக் கொட்டாய்க்குப் போனா சாயங்காலம்தான். நடுவுல வீட்டுல நானு, ஃபேனு, போனு. டென்த் குரூப்பு ஒண்ணு வாட்ஸப்ல இருக்கு, முப்பத்தெட்டு பேரு. திருப்பூர்ல ஒருத்தி, கோயமுத்தூர்ல ரெண்டு பேரு, சென்னையில நாலஞ்சு, ஒருத்தன் சிங்கப்பூர்ல கிரேன் மேல நின்னு ஸ்டேட்டஸ் போடுறான். குரூப்புல கடைசி மெசேஜு பொங்கல் வாழ்த்து. மத்தியானம் மூணு மணிக்கு எங்க தெருவுல நின்னு கத்துனா, நாய் கூட எந்திரிச்சுப் பாக்காது. யாருகிட்டயும் பேசாம ஒரு நாள் பூராவும் போயிருக்கு, சாயங்காலம் அம்மா வந்து கூப்பிட்டதுக்குப் பதில் சொல்லும்போது தொண்டை கரகரன்னுச்சு.

அந்த பேட்ச்சுல ஊருல மிச்சம் இருக்குறது நானும் அவளும்தான். நாலு வீடு.

வந்த மொத வாரமே பைப்புல பாத்தேன். “எப்ப வந்தீங்க?”ன்னா. எனக்குப் பின்னாடி யாரும் நிக்கிறாங்களான்னு திரும்பிப் பாத்தேன். என்னையத்தான் கேட்டா. கலெக்டர் ஆபீஸ்லருந்து வந்த ஆளுக்கிட்ட பேசுற மாதிரி அவ்வளவு மரியாதை. “போன வாரம்”னேன். “நல்லதுங்க”ன்னுட்டு கொடத்த நகத்திட்டா.

அவ தனியா எறக்குறத அன்னைக்குத்தான் பாத்தேன். சைக்கிளுக்குப் பின்னாடி நிக்கிறா. பின் சக்கரத்த ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சு முட்டியால நெருக்கிக்கிறா. எடது கை எடது கொடத்துல, வலது கை வலது கொடத்துல. ஒரே நேரத்துல தூக்கி, ஒரே நேரத்துல எறக்குறா. அப்புறம் அடுத்த ஜோடி. ஒரு கொடம் பதினஞ்சு கிலோ வரும். வலஞ்சுழித் திருப்புத்திறன் சமம் இடஞ்சுழித் திருப்புத்திறன்னு நான் எத்தன தடவ எழுதிருப்பேன். ஆறு வருஷம் கழிச்சு நாலு வீடு தள்ளி ஜன்னல் வழியா அதப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

அவ சயின்ஸ் பேப்பர பிரைவேட்டா எழுத அப்ளை பண்ணிருக்கான்னு பைப்புலதான் கேள்விப்பட்டேன். ரேஷன் கடையில கட்டுநர் வேலைக்கு ஆள் எடுக்குறாங்க, சாமான் எடை போட்டுக் கட்டிக் குடுக்குற வேலை. அதுக்கு டென்த் பாஸு வேணும். நண்டு கம்பெனில வெரலெல்லாம் கிழிஞ்சு போச்சு, உப்புத் தண்ணில ஆறவும் மாட்டேங்குது. அதச் சொன்னது எங்க தெரு அத்தாச்சி ஒண்ணு, எனக்கு முன்னாடி வரிசையில நின்னுச்சு. பேச்சோட பேச்சா என்னையும் ஒரு குத்து குத்துச்சு.

“டிகிரி படிச்ச புள்ள பைப்புக்கு வந்துருக்கு, வழி விடுங்கடி. ஏம்மா, கொடத்த எறக்குறதுக்கு என்னமோ ஃபார்முலா இருக்காமே?”

“இருக்கு அத்தாச்சி. ஆனா அதுக்கு ரெண்டு ஆளு வேணும்.”

“அப்ப மாப்பிள பாக்கச் சொல்லு ஒங்கம்மாவ.”

எல்லாரும் சிரிச்சாங்க. வரிசையில நாலாவதா நின்ன அவ சிரிக்கல.

அன்னைக்கு எனக்கு என்ன கிறுக்குப் புடிச்சுச்சோ, அவ மாதிரியே பண்ணிப் பாத்தேன். வாசல்ல நிப்பாட்டி, பின்னாடி போயி, முட்டியால நெருக்கி, ரெண்டு கையையும் நீட்டுனேன். தூக்குனேன். எடது பக்கம் வந்துச்சு, வலது பக்கம் கயித்துல மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான். சைக்கிளு, நாலு கொடம், நானு, மொத்தமா மணல்ல கெடந்தோம். ஒரு மணி நேரம் வரிசையில நின்ன தண்ணி ஒரு நிமிசத்துல மண்ணுக்குள்ள போயிருச்சு. காலு சைக்கிளுக்கு அடியில மாட்டிக்கிச்சு. தெருவுல யாரும் இல்ல. அம்மாவக் கூப்பிட வாயத் தொறந்துட்டு மூடிட்டேன், அம்மா கொட்டாய்லல்ல இருக்கு.

அவ சைக்கிள் சத்தம் கேட்டுச்சு. அவ வீட்டுக்கு எங்க வாசலத் தாண்டித்தான் போகணும். நின்னா. அவ சைக்கிள எங்க வீட்டுச் சுவத்துல சாச்சுட்டு வந்து, என் சைக்கிள ஒரு கையால நிமுத்துனா. நான் எந்திரிச்சேன்.

“அடி பட்டுச்சாங்க?”

“இல்ல.”

“கயித்துல முடிச்சு மேல போடணும். கீழ போட்டா மாட்டும்”னுட்டுத் திரும்பிட்டா.

“பரிட்சை எழுதுறியாமே.”

“ஆமாங்க.”

“அந்த நோட்டு... நான் பொய்யா கையெழுத்துப் போட்டது. சார்கிட்ட அன்னைக்கு நான் சொல்லிருக்கணும். ஒங்கம்மாகிட்டயாவது சொல்லிருக்கணும். பயந்துட்டேன்டி. ஃபர்ஸ்ட்டு வந்துட்டு பொய்யின்னு எப்படிச் சொல்றதுன்னு...” வாக்கியம் முடியல. ஆறு வருஷமா மனசுக்குள்ள ஒத்திகை பாத்தது, பாதிலயே தீந்து போச்சு.

அவ சைக்கிள் ஹேண்டில்பாரப் புடிச்சுக்கிட்டு நின்னா. கோவமா இருந்துருந்தா நல்லா இருந்துருக்கும்.

“எங்கம்மா இருக்கும்போது சொல்லிருக்கலாம்”னா. “கடைசி வரைக்கும் நான் படிக்காம ஏமாத்திட்டேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்துச்சு. ஆஸ்பத்திரில கூட, அண்ணன் புள்ளைய நீயாவது பொய் சொல்லாம படின்னுச்சு.”

அப்புறம் என் கொடத்த ஒரு பார்வ பாத்துட்டு, அவ சைக்கிள்லருந்து ரெண்டு கொடத்த ஒரே நேரத்துல எறக்கி எங்க வாசல்படியில வச்சுட்டுப் போயிட்டா. வேணாம்னு சொல்றதுக்குள்ள போயிட்டா. அன்னைக்கு நாங்க அந்தத் தண்ணியிலதான் சோறு பொங்குனோம். எனக்கு எறங்கல.

அஞ்சாறு நாளு ஒண்ணுமில்ல. கொடத்தக் கழுவி அவ வாசல்ல வச்சுட்டு வந்தேன், அவ அண்ணி எடுத்து உள்ள வச்சுச்சு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், தெரியாத நம்பர்லருந்து ஒரு வாய்ஸ் நோட்டு. பதினொரு செகண்டு. பின்னாடி யாரோ பாத்திரம் கழுவுற சத்தம்.

“மூணாவது விதிக்கு புக்குல ரெண்டாவது வரி ஒண்ணு இருக்கு. படிச்சேன். வெளங்கல. சொல்லத் தெரிஞ்சா சொல்லுங்க.”

புக்கு வாங்கிருக்கா. என் நோட்ட நம்பல, புக்கு வாங்கிருக்கா.

நான் ஏழு நிமிசத்துக்குப் பேசி அனுப்புனேன். மூணு தடவ அழிச்சுட்டு நாலாவது தடவதான் அனுப்புனேன். சைக்கிளத் தனியா நெனச்சுக்க, ஒன்னையத் தனியா நெனச்சுக்கன்னு ஆரம்பிச்சு, காலு மண்ணப் பின்னாடி தள்ளுறது, மண்ணு கால முன்னாடி தள்ளுறது, எது யாரு மேலன்னு எல்லாம் சொன்னேன். நீ அன்னைக்குக் கேட்டது சரியான கேள்வி, எனக்குத்தான் பதில் தெரியலன்னும் சொன்னேன். டிக்கு நீலமாச்சு. ஏழு நிமிசமும் கேட்டுருப்பா போல, எட்டாவது நிமிசம் பதில் வந்துச்சு.

“அப்ப ஒனக்குப் பட்டது ஒனக்கு, எனக்குப் பட்டது எனக்கு. ஒண்ண ஒண்ணு கழிச்சுக்க முடியாது. சரி. அடுத்தது, உந்தம்னா என்ன?”

அத எத்தன தடவ போட்டுக் கேட்டேன்னு சொல்ல மாட்டேன்.

அதுக்கப்புறம் தெனமும் ஒரு கேள்வி வரும். கம்பெனில மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அனுப்புவா. நான் அந்த நேரத்துக்குக் கையில போன வச்சுக்கிட்டுத் தயாரா ஒக்காந்துருப்பேன், சார்ஜ் நூறு இருக்கும். மொதப் பாடம் முடிஞ்சு ஒளியியல், மின்சாரம், வேதியியல், தாவர உடல்னு போயிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு உயிரியல் மறந்தே போச்சு. நானும் புக்கு தேடி எடுத்துப் படிச்சுட்டுச் சொல்லுவேன். தெரியலன்னா தெரியல, பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லுவேன். அத மட்டும் விடல.

கேள்வி, பதில், அவ்வளவுதான். சாப்ட்டியான்னு கேட்டா பதில் வராது. ஒரு நாள், “நேர்லயே வாரேனே, நாலு வீடுதான, ஒப்பிச்சுக் காட்டு, கேக்குறேன்”னு வாய்தவறி அனுப்பிட்டேன். அனுப்புன ஒடனே தெரிஞ்சுருச்சு. அழிக்கிறதுக்குள்ள டிக்கு நீலம்.

“ஒப்பிக்கிறதெல்லாம் வேணாம். நானே எழுதிப் பாத்துக்குறேன்”னு வந்துச்சு. ரெண்டு நாளு கேள்வி வரல. மூணாவது நாளு வந்துச்சு. நடுவுல தண்ணி வந்த அன்னைக்கு நான் பைப்புக்குப் போகல, கொட்டாய்லருந்து வந்த அம்மா திட்டிக்கிட்டே போச்சு.

பைப்புல பாத்தா இப்பவும் பேச மாட்டா. கண்ணு பாக்கும், கொடம் நகரும். அத்தாச்சி ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, “என்னடி, ஊமைப்படம் ஓடுது”ங்கும். நான் நாலு கொடத்துக்குப் பதிலா ரெண்டுதான் கட்டுறேன். ரெண்டு நடை. கையும் காச்சுப் போச்சு.

நேத்து அவளுக்கு சென்டர் அறந்தாங்கில போட்டுருக்குன்னு தெரிஞ்சுச்சு. பஸ்ஸு அந்த நேரத்துக்கு இருக்கும், இருக்காது. எங்க அப்பா ஊர்ல இல்ல, ஸ்கூட்டி சும்மாதான் நிக்குது. டைப் பண்ணுனேன்: நான் கொண்டு போய் விடுறேன். கேட்டுக்கு வெளியவே நின்னுட்டு வந்துர்றேன், உள்ள வர மாட்டேன், பேசவும் மாட்டேன். பேசவும் மாட்டேங்குறத அழிச்சுட்டு அனுப்புனேன்.

“வேணாம். பஸ்ல போயிக்குறேன்.”

ஒரு நிமிசம் கழிச்சு இன்னொண்ணு வந்துச்சு.

“தனியா எழுதிட்டு வாரேன்.”

காலைல ஏழு மணிக்கு ஜன்னல்லருந்து பாத்தேன். தலைய இறுக்கிப் பின்னி, பேடு கையில, ஹால் டிக்கெட்ட பிளாஸ்டிக் கவர்ல போட்டு, மெயின் ரோட்டப் பாத்து நடந்துக்கிட்டு இருந்தா. எங்க வாசலத் தாண்டும்போது திரும்பல. வேகமும் கொறையல, கூடவும் இல்ல. நான் ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஆல் த பெஸ்ட்டுன்னு அனுப்பலாமான்னு போன எடுத்தேன், அப்புறம் வேணாம்னு வச்சுட்டேன், பஸ்ஸுல பாத்துட்டுக் கோவம் வந்தா ஹாலுக்குள்ள அதுவும் சேர்ந்துல்ல போகும். அம்மா கொட்டாய்க்குப் போயிருச்சு. வீட்டக் கூட்டுனேன். தொவைச்சேன். மறுபடியும் கூட்டுனேன். கேள்வித்தாள் எப்படி இருக்கும், ஏழு மார்க்குல என்ன வந்துருக்கும், அவ இந்நேரம் எத்தன வரி எழுதிருப்பான்னு மண்டையில ஓடிக்கிட்டே இருந்துச்சு. கையி சும்மா இருக்க மாட்டேங்குதுன்னுதான் இத டைப் பண்ண ஒக்காந்தேன்.

மணி பதினொன்னே முக்கால். பரிட்சை முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு.